ஸ்க்ரைப் கிடைத்தால் மட்டும் மார்க் வராது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. நீலகிரியில் டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் திணறும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் எங்களுக்கு, பாஸ் ஆனதில் நிம்மதிதான். ஆனாலும் கணக்கு மார்க்கைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. வாயால் கேட்டால் பாடம் முழுக்க ஒப்பிக்கிற பிள்ளை, ஸ்க்ரைப் (பிள்ளை சொல்வதைக் கேட்டுத் தேர்வுத்தாளில் எழுதுபவர்) இருந்தும் நாற்பதைத் தாண்டவில்லை. பாடம் தெரியாமல் இல்லை, சொல்லி எழுதவைக்கப் பழகவில்லை.

ஸ்க்ரைப், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழித்தாள் விலக்கு என்ற தேர்வுச் சலுகைகள் எல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, ஸ்க்ரைபாக வருபவர் முன்பின் பார்க்காத ஆசிரியர் என்பது. பெரும்பாலும் அன்றைய பாடத்தை நடத்துபவராகவும் இருக்க மாட்டார். “அதான் சார், அந்த ஃபார்முலா” என்று பிள்ளை இழுத்தால் அவர் எழுத மாட்டார், எழுதவும் கூடாது.

கணக்கில்தான் அடி அதிகம். “எக்ஸ் ப்ளஸ் ரெண்டு ஸ்கொயர்” என்றால் ரெண்டுக்கு மட்டும் வர்க்கம் விழும். அடுத்த மூன்று வரியும் போச்சு. “பிராக்கெட் திற, எக்ஸ் ப்ளஸ் ரெண்டு, பிராக்கெட் மூடு, மேலே சின்னதா ரெண்டு” என்று வர வேண்டும். பின்னம் என்றால் “மேலே இது, கோடு, கீழே இது”. இது நாக்கில் ஏற வாரம் நான்கு நாள், அரை மணி நேரம், எட்டு வாரம் பிடிக்கும். அக்டோபரில் தொடங்குங்கள், அரையாண்டுத் தேர்வில் ஒத்திகை பார்த்துவிடலாம்.

பழக்கும் முறை:
– முதல் இரண்டு வாரம் வீட்டு ஆள் எழுதலாம். மூன்றாம் வாரத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, ட்யூஷன் அண்ணன் என்று ஆள் மாற வேண்டும்.
– எழுதுபவர் காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும், தப்பாக இருந்தாலும். அம்மாக்களால் இது முடிவதே இல்லை, தன்னையறியாமல் திருத்திவிடுகிறார்கள்.
– கேள்வி எண்ணை முதலில் சொல்ல வேண்டும். ஒரு மூச்சுக்கு ஐந்தாறு சொல், பிறகு நிறுத்தம்.
– முடித்ததும் “வாசிச்சுக் காட்டுங்க சார்” என்று பிள்ளையே கேட்க வேண்டும். கூச்சத்தில் இதை விட்டவர்கள்தான் அதிகம்.

கணக்கு வினாத்தாள் படிக்கத் தரும் 10 நிமிடத்தில் 28, 42 இரண்டு கட்டாயக் கேள்விகளையும் பிள்ளை முதலில் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16 மார்க். அவற்றைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், மூன்று மணி நேரம் பேசிய பிறகு குரலும் கவனமும் தேய்ந்துவிடும். படத்தைப் பிள்ளையே வரையலாமா, ஸ்க்ரைப் வரைவாரா என்பதை முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்தால் மார்க் போகும்; அதையும் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

வாசிப்பை விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. தமிழில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் கொம்பு. ‘கொ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு க, பிறகு கால். காதுக்கு முதலில் வருவதோ ‘க்’. கண் ஒரு வரிசை, காது வேறு வரிசை. காலை விட்டுவிட்டு ‘கெ’ என்று எழுதுவது இதனால்தான். அட்டையில் 1 செ.மீ. உயரம், 6 செ.மீ. நீளத்துக்கு ஜன்னல் வெட்டி வரிமேல் நகர்த்துங்கள். கொம்பையும் காலையும் சிவப்புப் பேனாவில் சேர்த்து வட்டமிடுங்கள். வாசிக்க பஸ் போர்டு போதும்: கோத்தகிரி, கொலக்கொம்பை. கடைசியில் உள்ளதைச் சில இடங்களில் கொலக்கம்பை என்றும் எழுதியிருப்பார்கள். தப்பு பிள்ளையுடையது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் படுகு பேசும் பிள்ளைக்கும், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் பிள்ளைக்கும் தமிழ் வாசிப்பு மெதுவாக வந்தால் உடனே டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்தே இல்லாமல் வீட்டு மொழியில் சோதியுங்கள். ‘ஹட்டி’யில் (படுகர் ஊரைச் சொல்லும் சொல்) முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ‘அட்டி’ என்று சட்டென்று வந்தால் பெரும்பாலும் தமிழ்ப் பழக்கம்தான் குறைவு. எட்டு வயதுக்கு மேலும் திணறினால் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மதிப்பிடுபவரிடம் வீட்டு மொழியைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சலுகைக்கான டிஸ்லெக்சியா சான்றிதழ் விஷயத்தில் கறாராக இருங்கள். தனியார் மையத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் 8 வயதிலிருந்து தருவதாகவும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பதாகவும் இருந்தது. பழைய சான்றைப் பத்தாம் வகுப்பில் நீட்டித் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கிவிடுங்கள். இனிஷியல் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி ஒரு புள்ளி மாறாமல் இருக்கட்டும். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு வருபவர்கள் மே மாதத்தைத் தவிருங்கள், மலர்க் கண்காட்சி நெரிசலில் டோக்கன் நேரம் முடிந்துவிடும்.

மொழி விலக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். தமிழை விட்டவர் பின்னால் குரூப் 4 எழுதினால், தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்க வேண்டி வரலாம். அந்த ஆசை இருந்தால் தமிழை ஸ்க்ரைபோடு எழுதிப் பாஸ் ஆவதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

பத்தாவது முடிக்காத பெரியவர்களுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி ஒத்துவரும். ஐந்து பாடம், ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு, கணக்கு கட்டாயம் இல்லை. எஸ்டேட் வேலை முடிந்து வருபவரை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பலனில்லை, 25 நிமிடம் போதும். பாடத்தைப் போனில் பதிவு செய்து கொடுங்கள், நடந்துகொண்டே கேட்பார்.

துணைத்தேர்வு எழுதுபவர்கள், சலுகை ஆணை அதற்கும் செல்லுமா என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஹால் டிக்கெட் கையில் வந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.