அச்சு என்றாலே நகல் இல்லை
ஓவிய அச்சு என்றதும் நகல்தானே என்று பலர் ஒதுக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், மெழுகு பூசிய செப்புத் தகட்டில் தானே கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசித் தாளில் அழுத்தி எடுத்த எட்சிங்குக்கு வேறு மூலம் என்று ஒன்று கிடையாது, அந்தத் தாள்தான் மூலம். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ படமும் மரக்கட்டை அச்சுதான், அதனால்தான் ஒரே படம் பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃபும் இதே குடும்பம்.

ஜிக்லே வேறு. பெரும்பாலும், ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தை ஸ்கேன் செய்து, நல்ல பருத்தித் தாளிலோ கேன்வாஸிலோ பிக்மென்ட் மையில் இங்க்ஜெட்டில் அடிப்பது. நன்றாகச் செய்தால் அழகு, நிறமும் சீக்கிரம் மங்காது, ஆனாலும் அது மறுபதிப்புதான் (கணினியிலேயே வரைந்த படைப்பு என்றால் சங்கதி வேறு).

வாங்கும் முன் உருப்பெருக்கியில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் ஆஃப்செட் இயந்திரத்தில் மொத்தமாக அடித்த போஸ்டர். எட்சிங்கில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இருக்கும். அப்புறம் பென்சிலில் 12/50 என்று எழுதியிருந்தால், 50 தாள்கள் கொண்ட பதிப்பில் 12ஆவது என்று அர்த்தம், ஆனால் ஜிக்லேவுக்கும் இப்படி எண் போடுகிறார்கள், அதனால் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காமல், எந்த முறையில் அச்சிட்டது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.