முதல் ஸ்னோவுக்குக் காத்திருக்க வேண்டாம்

கனடாவின் ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் போட முதல் ஸ்னோ கொட்டும்வரை காத்திருப்பவர்கள் பலர். பார்க்கவேண்டியது குளிரை. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் ஆல்-சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். காய்ந்த தெருவிலும் பிடிமானம் குறையும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதிக் கட்டணத்தில் அதற்குக் கழிவு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள சின்னம் இருக்கவேண்டும். 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் ஸ்னோவும்) எழுத்து மட்டும் போதாது. நான்கையும் மாற்றுங்கள். காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கிக் கார் சுழலும். இதைவிட ஆபத்தான சிக்கனம் கிடையாது. மேற்பரப்பு வரிப்பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்த ரயர் ஸ்னோவுக்கு உதவாது. மாற்றி 100 கிலோமீற்றருக்குள் சில்லு நட்டுகளை ரோர்க் றெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் திறப்பால்) மறுபடி சரிபாருங்கள்.

வெப்பநிலை 5, 6 பாகை இறங்க ரயர் காற்று ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். சூடான கராஜுக்குள் சரியாக அடித்த காற்று வெளியே போதாமல் போவது இதனால்தான். காலையில், கார் ஓடமுன் அளவுங்கள்.

மைனஸ் 18 பாகையில் பற்றறியின் வலு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதே நேரம் ஒயில் தடித்து, எஞ்சினைச் சுற்ற இன்னும் கூடிய வலு வேண்டும். இரவு முழுக்க நின்ற காரில் மல்ரிமீற்றர் 12.6 வோல்ற் காட்டினால் நல்லது. 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றுங்கள். மறுநாளே இறங்கினால், புதிது வாங்குங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. தனிக் கூலன்ற் இன்னும் நல்லது என்று நினைத்து ஊற்றாதீர்கள்: கூலன்றின் முக்கிய பொருளான எதிலீன் கிளைக்கோல் கலக்காமல் இருந்தால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். முன்கண்ணாடி கழுவும் வொஷர் திரவம் மைனஸ் 40க்கானது வேண்டும். கோடையில் ஊற்றியதை முதலில் அடித்துத் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாயில் நின்று உறையும்.

ஸ்னோவில் புதைந்த காரை ஸ்ரார்ட் பண்ணமுன் புகைக்குழாயின் வாயைத் தோண்டித் திறவுங்கள். அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமே இல்லை. பிள்ளைகளை ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.