பின்கோடை உடைத்த ராத்திரி

தம்பி கல்யாணப் பத்திரிகைக்கு நேற்று ராத்திரி விலாசம் எழுதிக்கொண்டிருந்தோம். சொந்தத்தில் பாதி திருநெல்வேலி ஜங்ஷன், மீதி பாளையங்கோட்டை. பின்கோடு 627001, 627002 என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது அக்கா மகள் கேட்டாள், “மாமா, இந்த 627001 பகா எண்ணா?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 627 என்பது 3 × 11 × 19. ஆக 627000-ஐ இந்த மூன்றும் மீதியில்லாமல் வகுக்கும். 2, 5-ம் அப்படியே. ஒன்று கூட்டினால் எல்லாவற்றுக்கும் மீதி 1. சரி, மற்றதைப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். வர்க்கமூலம் 791 சொச்சம், அதுவரை பார்க்க வேண்டும். ஒரு கவரின் முதுகு முழுக்க வகுத்தல். 61-க்கு மீதி 43. 67-க்கு மீதி 15. அவள் பேனாவை மூடிவிட்டாள்.

“ஏட்டி, இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

71 × 8831. மீதி பூச்சியம்!

பாளையங்கோட்டைக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, 627002 தான் அழகு: 2 × 37 × 37 × 229. ஆறு இலக்க பின்கோடுக்குள் 37 ஜோடி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்தடுத்த எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கவே முடியாது. தாமிரபரணிக்கு அந்தக் கரை ஜங்ஷன், இந்தக் கரை நாங்கள், அதுவும் பொருத்தம்தான். டவுன் 627006? 2 × 3 × 31 × 3371. பரவாயில்லை ரகம்.

கவரைப் புரட்டிப் பார்த்த அக்கா கேட்டாள்: “இத யாருக்குல அனுப்புறது?”