மாம்பலம் ஏரியைப் பழைய வரைபடத்தில் தேடியபோது

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். அது ஊரறிந்த கதை. தண்ணீர் எப்படி வந்து எப்படிப் போயிற்று என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுள்ள பழைய சர்வே தாளை ஸ்கேன் செய்து, ஓரத்தில் அச்சிட்ட தீர்க்கரேகையை நம்பி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினோம். ஏரி மயிலாப்பூருக்கு நகர்ந்துவிட்டது. பழைய தாள்கள் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80°17′21″ என்று வைத்துக் கணக்கிட்டவை. பின்னாளில் அது 80°14′54″ எனத் திருத்தப்பட்டது. 2′27″ வித்தியாசம் இங்கே ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால், அந்த வானாய்வகம் இருந்ததும் நுங்கம்பாக்கத்தில்தான். திருத்தத்தைக் கழித்த பிறகும், பழைய தாள்கள் பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட எவரெஸ்ட் நீள்வட்டத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகல் நிற்கும். ஆகவே தாளில் அச்சிட்ட தீர்க்கரேகை, அட்சரேகை எண்களை விட்டுவிட்டு, இடம் மாறாத கட்டுமானங்களைப் பிடியுங்கள்: கபாலீசுவரர் தெப்பக்குளத்தின் மூலைகள், பழைய தேவாலயங்கள், பரங்கிமலை உச்சி. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் போதும், ஆனால் தாளின் நான்கு மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். ஆற்று வளைவைப் புள்ளியாக வைக்கவே கூடாது.

அடுத்தது கரை. நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சாய்வதால் ஏரிக்கரை கிழக்கில் இருக்கும், மேற்கே உள்வாய், அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் ஆழமில்லாத பகுதி. தாளில் காட்டியிருப்பது ஏரி நிரம்பினால் நீர் நிற்கும் எல்லை. கோடையில் உள்வாயில் பயிர் வைத்திருப்பார்கள், அதனால் நீலப் பரப்பை அப்படியே நீர்ப்பரப்பாக எண்ணினால் கொள்ளளவு பொய்யாகும்.

சரிவை அளக்க 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவு இங்கே உதவாது. அது மொட்டைமாடிகளின் உயரத்தையும் சேர்த்துச் சொல்லும். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயோடு தெருத் தெருவாக நடப்பதே மேல்.

ஏரிக்கு நீர் வரும் வரத்துக்காலுக்கும் நீர் வெளியேறும் போக்குக்காலுக்கும் கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படம், நிலத்தின் வகையைச் சொல்லும் அ பதிவேடு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்ற சர்வே எண்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். நடுவில் எங்கே அறுபடுகிறதோ, மழைநாளில் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். நில அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணியான லிங்க் பழைய புலப்படத்தில் 20.12 செ.மீ., மெட்ரிக் புலப்படத்தில் 20 செ.மீ. இரண்டையும் கலந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆறு மீட்டர் பிசகும்; குறுகலான வாய்க்கால் அடுத்தவர் பட்டாவுக்குள் போய்விடும்.