தொலைநிலையில் பள்ளி உளவியலாளர் படிப்பு: சோதனைப் பெட்டியைத் திறக்கும்போது

அமெரிக்காவில் பள்ளி உளவியலாளராகப் பணிபுரிய, அங்குள்ள தேசியச் சங்கமான 'நாஸ்ப்' வகுத்த அளவுப்படி குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட் படிக்க வேண்டும். அதில் 1,200 மணிநேர இன்டர்ன்ஷிப்பும் அடக்கம். அதிலும் 600 மணிநேரமாவது பள்ளியிலேயே செய்திருக்க வேண்டும்.

புள்ளியியல், சட்டம், வளர்ச்சி உளவியல் எல்லாவற்றையும் இணையத்தில் தாராளமாக நடத்தலாம். பிள்ளைகளுக்குச் சோதனை வைத்துப் பழக, அதற்கான பொருள்கள் உள்ள சோதனைப் பெட்டியைத் திறக்கும்போதுதான் சிக்கல் வரும்.

6 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கான விஸ்க்-5 என்ற அறிவுத்திறன் சோதனையையே எடுத்துக்கொள்வோம். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் பகுதியில் விநாடிக்கு ஓர் எண் வீதம் ஒரே சீராகச் சொல்ல வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்களை அறியாமலே இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்டால் பிள்ளைக்கு நினைவில் நிற்பது சுலபம், ஸ்கோர் ஏறிவிடும். ஜூமில் நேரலையாகப் பார்க்கும் ஆசிரியருக்கு இது பிடிபடாது, இணையத் தாமதமே தாளத்தைக் குலைத்துவிடும். அதனால் அங்கேயே வீடியோ எடுத்து, பிறகு ஏற்றுவதுதான் சரி. லேப்டாப் கேமராவில் முகம் மட்டும்தான் விழும். பக்கவாட்டில் ஒரு ட்ரைபாட் வைத்து, பிள்ளையின் கைகள், ஸ்டாப்வாட்ச், விடைக் குறிப்புத் தாள் மூன்றும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

குறிப்புத் தாளையும் ஸ்கேன் செய்து வாங்கி, ஆசிரியர் முதலிலிருந்து கூட்டிப் பார்க்க வேண்டும். வயதுக் கணக்கில்தான் அதிகம் சறுக்குவார்கள். 8 வயது 7 மாதம் 20 நாள் என்றால் 8 வயது 7 மாதம்தான். அதை 8 மாதமாக முழுமையாக்கினால் அடுத்த வயதுக்கான அட்டவணைக்குப் போய்விடும், மதிப்பெண் எல்லாம் மாறிவிடும்.

பயிற்சிக்கு உட்காரும் பிள்ளையின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மதிப்பெண்ணை அவர்களிடம் சொல்லவே கூடாது. பழகுகிறவர் போட்ட எண் அது. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப விடாதீர்கள், பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான சர்வரில் மட்டுமே இருக்கட்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை, இன்டர்ன்ஷிப்புக்கு மேற்பார்வையாளர் கிடைப்பது. உளவியலாளர் கிடைக்காத ஊர்களுக்காகத்தான் தொலைநிலைப் படிப்பே தேவைப்படுகிறது. அந்த ஊர்களில் மேற்பார்வை செய்ய உரிமம் பெற்ற ஆளும் இருப்பதில்லை. சேர்க்கை கொடுக்கும்போதே பக்கத்து மாவட்டத்து உளவியலாளர் ஒருவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் மாணவர் கடைசிப் படியில் நின்றுவிடுவார்.

சேருகிறவர்களுக்கு ஒன்று: உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பணம் கட்டுமுன் உங்கள் மாநிலக் கல்வித் துறைக்கே மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் படிப்பு அங்கே செல்லுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.