அக்கா மகள் எழுதிய முதல் பில்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், கணினியில் பக்கங்களை வடிவமைக்கும் டிடிபி பிரிவில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் அக்கா மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த கோடையில், ஒரு பை நிறைய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் வரையிறதுதான் எனக்கு வேலையா இருக்கணும் மாமா. அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். அன்றிரவு அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கண் வரைந்து மூக்கு வரையாத முகங்களும், பாதியில் நின்றுபோன மரங்களும், வண்ணம் தீட்டத் தொடங்கிக் கைவிட்ட புடவைகளுமாக இருந்தன. முழுமையாக முடித்த ஓவியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிறு வயதிலிருந்து அவள் எதைக் காட்டினாலும் "நல்லாயிருக்கு" என்று மட்டுமே நான் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல் அவளை மகிழ்வித்ததே தவிர, எதையும் முடிக்க வைக்கவில்லை.

ஆகவே அக்காவிடம் பேசுவதற்கு முன், அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஆச்சி சொன்ன கதை ஒன்றை எட்டுப் படங்களாக வரைய வேண்டும். எட்டிலும் அதே சிறுமி வர வேண்டும். அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கே வந்து என் மேசையில் வைக்க வேண்டும். குழந்தைகள் புத்தகத்துக்கு வரைபவர்களுக்கு அழகான ஒரு முகம் வரைவது பெரிய காரியமன்று. அதே முகத்தை ஓடும்போதும் அழும்போதும் முதுகு காட்டி நிற்கும்போதும் அடையாளம் மாறாமல் கொண்டுவருவதே கடினம். முதல் தடவை அவளுடைய சிறுமிக்கு மூன்றாம் படத்தில் ஒரு வயது, ஆறாம் படத்தில் வேறு வயது. இரண்டாம் தடவை உயரம் சரியானது, பின்னல் இடம் மாறியது. நான்காம் தடவை கொண்டுவந்த எட்டையும் வரிசையாகப் பரப்பியபோது, கதை தெரியாத எங்கள் பைண்டிங் பிரிவுப் பெண் ஒருவர் படங்களைப் பார்த்தே கதையைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா தம்பி?" என்று அக்கா கேட்டதில் தவறில்லை, தனியாளாக நின்று மகளை வளர்த்தவர் அவர். கோவில்பட்டியில் இருந்து ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் ஊர் ஊராகப் பூஜையறைகளுக்குப் போயின என்பதையும், ஆடிப்பெருக்கு அன்று நம் ஊரில் வெளியாகும் புது காலண்டர் ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கூலி வாங்கி வரைந்த படம் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். சென்னையில் 1850இல் தொடங்கப்பட்ட ஓவியப் பள்ளியின் வழிவந்த, எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம்; இடம் கிடைக்கவில்லை. உள்ளூரிலேயே பி.காம். சேர்ந்து, மாலை நேரங்களில் வரைவது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். கணக்குப் படிப்பு வீண் என்று அவள் அப்போது வருந்தினாள். பின்னாளில் விலை சொல்ல வேண்டி வந்தபோது அந்தப் படிப்பே கைகொடுத்தது.

அச்சுக்குப் போகும் ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் வாயால் சொன்னதைவிட ஒரு கிளி நன்றாகக் கற்றுக்கொடுத்தது. அவள் கைப்பேசியில் வரைந்த கிளியின் பச்சை, திரையில் அப்போதுதான் மழை நின்ற வயல்போல ஒளிர்ந்தது. ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு எடுத்ததும் அது வாடிய கீரை நிறத்தில் வந்தது. அவள் கண் கலங்கிவிட்டாள். அவளை மிஷினருகே அழைத்துப் போய், பூதக்கண்ணாடியைத் தாளின்மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பச்சை என்று அங்கே ஒன்றுமே இல்லை, சியான் என்கிற நீல மைப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. திரையின் பச்சை ஒளியால் ஆனது. தாளின் பச்சை நான்கு மைகளால் ஆக வேண்டியது, ஆகவே அதன் எல்லை குறுகியது. மறுநாளே மைக் கலவைகள் தாளில் எந்த நிறமாக வரும் என்று காட்டும் எங்கள் அச்சகத்தின் ஷேட் கார்டு ஒன்றை வாங்கிப் போனாள். நான்கு வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்தே நிறம் தேர்வது, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வரைவது, தாளின் ஓரத்தை வெட்டும் கட்டிங்குக்காக நான்கு புறமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது எல்லாம் அதன்பின் அவளுக்குப் பழக்கமாகிவிட்டன.

பணம் கேட்கும் விஷயத்தில் அடிபட்டுத்தான் கற்றோம். நோட்டுப்புத்தக அட்டைக்கென ஒரு நிறுவனம் அவளிடம் மூன்று ஓவியங்களை வாங்கியது. எழுத்தில் எதுவும் இல்லை. தெரிந்தவர்தானே என்று நானே சொல்லியிருந்தேன். ஜூன் மாதம் அந்த அட்டைகள் கடைகளில் தொங்கின, பணம் வரவில்லை. அந்த நிறுவனத்தின்மேல் வந்ததைவிட என்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை இருவரும் உட்கார்ந்து படித்தோம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் தருவதாகச் சொல்லி வரையச் சொன்னவரே ஓவியத்தின் முதல் உரிமையாளர் ஆகிவிடுகிறார் என்கிறது 17ஆம் பிரிவு. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும் என்கிறது 19ஆம் பிரிவு. உரிமையை விற்ற பிறகும் தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது என்று 57ஆம் பிரிவில் படித்தபோது, அவள் அந்த வரியை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள்.

விலைக்கு நான் சொன்ன வழி எளியது: ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இரண்டு மாதம் குறித்து வை. ஒரு பக்கத்துக்குப் பதினொரு மணி நேரம் என்றிருந்தது, மெல்ல ஏழாகக் குறைந்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டதால்தான், 16 பக்கச் சிறுவர் புத்தகம் ஒன்றுக்குப் பதிப்பாளர் ஒருவர் அழைத்தபோது, பக்கத்துக்கு 1,200 ரூபாய் என்று அவளால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. பாதித்தொகை முன்பணம், பென்சில் படங்களைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வண்ணம், புத்தகத்தில் வரைந்தவர் பெயர். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். வரைந்து முடிக்க ஐந்து மாதம் பிடித்தது. கல்லூரித் தேர்வு வந்த மூன்று வாரம் தாமதமாகும் என்பதை முன்கூட்டியே கடிதமாக எழுதித் தெரிவித்ததை, அவள் வரைந்த எந்தப் படத்தையும்விட நான் பெரிதாக மதிக்கிறேன்.

பில்லை அவளே எழுதினாள். பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் சேர்த்து, மீதித் தொகையைக் குறித்து, அனுப்பும் முன் அக்காவிடம் வாசித்துக் காட்டினாள். அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டு, "வண்ணம் அடிச்ச பிறகு பறவையை மாத்தச் சொன்னாங்களே, அந்த ரெண்டு நாள் கூலி இதுல எங்கே?" என்றார். அந்தப் பில்லில் அதைச் சேர்க்க இயலவில்லை. இப்போது கையெழுத்தாகியிருக்கும் இரண்டாவது புத்தக ஒப்பந்தத்தில், வண்ணம் தீட்டிய பின் கேட்கும் திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் என்று நான்காவது வரியாக இருக்கிறது.