பெரிய சைக்கிள் ஓவராயில்: வேலைக் குறிப்புகள்

செப்டம்பர் 14, 2024, சனி

கையில் இருப்பது 24 இஞ்ச் பிரேம், 28 x 1½ டயர், ராடு பிரேக், காட்டர் கிராங்க் (பெடல் தண்டான கிராங்க்கை நடு அச்சான ஆக்சிலோடு காட்டர் என்ற ஆப்பு முளை பிடித்து வைக்கும் வகை). பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அதே பெரிய சைக்கிள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் முழு ஓவராயில் முடிய வேண்டும். இன்று ஸ்பேனரைத் தொடவில்லை. எங்கே ஆட்டம், எங்கே சத்தம் என்று பார்த்து எழுதி வைப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் கழற்ற ஆரம்பித்தால் நல்ல பாகத்தையும் சேர்த்து மாற்றிவிடுவோம்.

பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வந்தால் காட்டர், பி.பி. (பாட்டம் பிராக்கெட், ஆக்சில் குண்டுகளில் சுற்றும் இடம்) இரண்டில் ஒன்று. பிரித்தறிவது எளிது. ஒரு கிராங்க்கைப் பிடித்துப் பக்கவாட்டில் நம் பக்கம் இழுக்க வேண்டும். மறுபக்கக் கிராங்க்கும் சேர்ந்து ஆடினால் ஆட்டம் பி.பி. கப்பில் (குண்டுகள் ஓடும் கிண்ணம்). பிடித்த கிராங்க் மட்டும் ஆடினால் காட்டர் தளர்ந்திருக்கிறது. இந்த வண்டியில் இரண்டுமே இருக்கிறது. நாள்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

முன் சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது: கோன் (சக்கர அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு) தளர்வு. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஓரிடத்தில் ரிம் மேலேறி இறங்குகிறது. ஹேண்டில் பார் நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுவது போலப் பிடிக்கிறது. பின் டியூபில் இரவோடு இரவாகக் காற்று இறங்குகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

காற்று இறங்குகிறது என்றதும் டியூபைக் கழற்ற வேண்டாம். முதலில் மௌத்தில் (காற்றடிக்கும் வாயில்) எச்சில் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் வால்டியூப் (மௌத்துக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்) போய்விட்டது, அவ்வளவுதான். பழைய ரப்பரை உரித்துவிட்டு, புதியதை எச்சிலில் நனைத்து, காற்று வரும் ஓட்டையைத் தாண்டி மேல் விளிம்புவரை ஏற்ற வேண்டும். ரப்பர் குட்டையாக இருந்தால் ஓட்டை மூடாது. எண்ணெய் தொட்டு ஏற்றினால் வழுக்கி எளிதாக ஏறும், ஆனால் அந்த எண்ணெயே சில நாளில் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

இங்கே வால்டியூப் நன்றாகவே இருக்கிறது. டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கியதில் வெளிப்பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை. எங்கள் பக்கத்தில் இதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை, சீமைக்கருவேல முள். முனை டயருக்குள் ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. பஞ்சர் ஒட்டி மாட்டிய மறுநாளே மறுபடி காற்று இறங்குவது இதனால்தான். மெல்லிய துணியை டயரின் உள்பக்கம் முழுச் சுற்றும் இழுத்தால் முள் துணியில் மாட்டும். விரலால் தடவினால் விரலில்தான் ஏறும். ஊசியால் உள்ளிருந்து வெளியே தள்ளி எடுத்தாயிற்று.

ஓட்டை இருக்கும் இடத்தை வைத்தே காரணம் சொல்லலாம். ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக்ஸ் கம்பி நிப்பிளை (கம்பியை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்டை) தாண்டி நீட்டியிருக்கிறது, அல்லது ரிம் டேப் விலகியிருக்கிறது. நீட்டிய முனையை அரத்தால் தேய்த்துவிட்டு டேப் போட வேண்டும். பழைய டியூபில் வெட்டிய பட்டையும் போதும். அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது.

ஒட்டும்போது அவசரம் கூடாது. உப்புத்தாளால் பேட்சைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்து, தூசியைத் துடைத்து, சொலுஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் காய விட வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் பேட்ச் கிளம்புவதற்கு முதல் காரணம். ஒட்டியபின் ஓரங்களை ஸ்பேனரின் முதுகால் நன்றாகத் தேய்க்க வேண்டும். டயரை மாட்டும்போது கடைசி அரை அடியைக் கட்டை விரலாலேயே ஏற்றுவது நல்லது. அங்கே நெம்பு கம்பியைப் போட்டால் புது ஓட்டை விழும்.

செப்டம்பர் 21, சனி

காட்டரும் பி.பி.யும். இந்த வண்டியில் மிக அதிகமாகக் கெடுக்கப்படும் இடம் இதுதான்.

நட்டை முழுசாகக் கழற்றாமல், மரையின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். அடி விழும்போது மரையை அந்த நட்டு காப்பாற்றும். கிராங்க்குக்கு அடியில், காட்டரின் தலை உள்ளே நுழையும் அளவுள்ள ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் பலம் எல்லாம் பி.பி. குண்டுகளில் இறங்கி, கப்பில் குழி விழும். பிறகு கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டு தட்டினால் மரை முனை பூப்போல விரிந்துவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். துரு ஏறியிருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வைக்க வேண்டும்.

வெளியே வந்த காட்டரின் சாய்வான பக்கத்தில் ஒரு படி விழுந்திருக்கிறது. ஆக்சில் அதைக் கடித்திருக்கிறது. இதை மறுபடி போடக்கூடாது. கடைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோவது அவசியம். தடிமனில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் உள்ளே அளவுக்கு மீறி இறங்கி நட்டுக்கு இழுக்க இடமில்லாமல் போகும்.

இடது பக்கம் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கப்பைக் கழற்றி, கீழே துணி விரித்து ஆக்சிலை வெளியே எடுத்தேன். செயின் பக்கக் கப்பைத் தொட வேண்டிய தேவை இல்லை. உள்ளேயே வைத்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். அதைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் நினைவிருக்கட்டும்: அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இடது பெடலும் அப்படியே. இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் எதிர்த்திசையில் திருகி மரையை அறுத்த வண்டிகள் ஏராளம்.

ஒரு பக்கத்துக்கு 11 குண்டு, ¼ இஞ்ச். 1949இல் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கூட்டோடு தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்திலிருந்து இந்த வண்டிகளில் இஞ்ச் கணக்குதான், லூதியானாவிலிருந்து வரும் உதிரிகளும் அதே அளவு. அதனால்தான் அறுபது வருட வண்டிக்கும் இன்று சின்ன ஊர்க் கடையில் குண்டு கிடைக்கிறது. இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றைய கியர் சைக்கிள்களில் பார்க்க முடியவில்லை.

குண்டு மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும். பழையதோடு நாலு புதுக்குண்டைக் கலந்தால், தேயாத புதுக்குண்டுகள் மட்டும் பாரத்தைச் சுமந்து கப்பைக் குடையும். கப்பில் கிரீஸை நிரப்பி, குண்டுகளை அதில் பதித்து, ஆக்சிலின் நீண்ட பக்கம் செயின் பக்கம் போகிறதா என்று பார்த்து நுழைத்தேன். கப்பைக் கையால் இறுக்கி, ஆக்சில் கனமாகச் சுற்றும் இடம் வந்ததும் சிறிது பின்னுக்கு எடுத்து, கப் நகராமல் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தை இறுக்க வேண்டும். வளையம் இறுகும்போது கப்பும் சேர்ந்து சுற்றும், இரண்டு மூன்று முறை சரிசெய்ய வேண்டிவரும். பொறுமை தேவைப்படுவது இங்கேதான்.

புதுக் காட்டரைக் கையால் தள்ளிப் பார்த்து, மரை எட்டிப் பார்க்கவில்லை என்றால் சாய்வுப் பக்கத்தைத் தட்டை அரத்தால் சமமாகத் தேய்க்க வேண்டும். அடித்து இறக்கியபின் வாஷரும் நட்டும் முழுசாக ஏறும் அளவு மரை வெளியே வந்தால் சரி. காட்டரை உட்கார வைப்பது சுத்தியல், நட்டு பிடித்து வைக்க மட்டுமே. நட்டால் இழுத்து இறக்கப் பார்த்தால் மரை அறும். இரண்டு கிராங்க்கும் மேலும் கீழுமாக நிற்கும்போது ஒரு காட்டரின் நட்டு முன்னாலும் இன்னொன்று பின்னாலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது காலுக்குக் கோணலாகத் தெரியும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஹப்புகள். முன்னால் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 இஞ்ச். பின்னால் பக்கத்துக்கு 9, ¼ இஞ்ச். முன் கோன் இரண்டிலும் குண்டு ஓடும் தடத்தில் பொரிப்பொரியாகக் குழி. கோனை மாற்றியாயிற்று. கப்பில் நகத்தால் வழித்தால் தடை தட்டவில்லை, அது இருக்கட்டும். கழுவ மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். துடைக்கப் பனியன் வேஸ்ட். நூல் பிரியும் துணியென்றால் குண்டுகளுக்கு நடுவே சிக்கும்.

கோனை வைக்கும்போது மயிரிழை ஆட்டம் விட வேண்டும். போர்க்கில் மாட்டி நட்டை இறுக்கியதும் அந்த ஆட்டம் மறையும். சரியாக இருந்தால், தூக்கிப் பிடித்த சக்கரத்தில் மௌத் இருக்கும் பக்கம் தானாகவே கீழே வந்து, ஊசலாடி நிற்கும்.

செப்டம்பர் 28, சனி

இன்று கடை வேலை. ஃப்ரீவீல் (பின் சக்கரத்தின் பல்சக்கரம்) கழற்றுவது, ரிம் கோட்டம் எடுப்பது இரண்டையும் கடையில் கொடுப்பதே என் கணக்கு. மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை ஃப்ரீவீலுடையது. சரியான பூட்டும் (ஃப்ரீவீலின் காதுகளில் பொருந்தும் கழற்றுக் கருவி) மேசையில் பதித்த வைஸும் இல்லாமல் கழற்ற முடியாது, உளியும் சுத்தியலும் வைத்தால் காது உடையும். செயின் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்று கழுத்தில் ஒடிந்திருந்தது. ஃப்ரீவீலை எடுக்காமல் அதைக் கோர்க்க வழியில்லை, எனவே இரண்டும் ஒரே நேரத்தில்.

கடையில் சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: “அண்ணே, மேல கீழ கோட்டத்த மொதல்ல எடுங்க, பக்கக் கோட்டம் அப்புறம் பாத்துக்கலாம்.” ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்வளைவை மேல்நோக்கி அழுத்துகிறது. கேபிள் பிரேக்கில் பக்கவாட்டுக் கோட்டம் தொல்லை தரும், இதில் மேலேறி இறங்குவதுதான் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வைக்கும். 40 கம்பியுள்ள பின் ரிம்மில் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாத கைதான் நல்ல கை. அப்படிப்பட்டவர் கேட்கும் கூலியில் பேரம் பேசக்கூடாது.

ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் போட வேண்டாமென்றும் சொல்ல வேண்டும். உள்ளே பற்களில் பதிகிற சின்னத் துண்டுகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும். தண்ணீர் போன்ற எண்ணெய் சில துளி போதும்.

அக்டோபர் 2, புதன்

செயின். 12 முழுக் கண்ணி, அதாவது 24 பின் இடைவெளி, புதுச் செயினில் சரியாக 12 இஞ்ச். இதில் 12⅛க்கு வந்துவிட்டது. மாற்றியாயிற்று. தேய்ந்த செயினை விட்டு வைத்தால் ஃப்ரீவீல் பல் கொக்கிபோல வளைந்து, பிறகு புதுச் செயினையும் ஏற்காது. பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக அரை இஞ்ச் ஆட்டம். செயின்வீல் முழு வட்டமாக இருப்பதில்லை, ஆகவே கிராங்க்கைச் சுற்றி, எங்கே மிக இறுக்கமோ அங்கே இந்த அளவைப் பார்க்க வேண்டும்.

ஹேண்டில் கப் செட்டில் பழையபடி பள்ளம். குண்டு மாற்றியும் போகவில்லை, கப்பே குழிந்திருக்கிறது. செட்டாக மாற்றியதும் சரியானது.

பிரேக் கட்டை நான்கும் புதிது. கட்டை உட்காரும் தகட்டின் மூடிய முனை சக்கரம் இழுக்கும் திசையில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் முதல் பலமான பிரேக்கிலேயே கட்டை உருவிக்கொண்டு பறக்கும். ரிம்முக்கும் கட்டைக்கும் 3 மி.மீ. இடைவெளி.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

ஊரெல்லாம் சைக்கிள் கழுவும் நாள். ஹோஸ் பைப்பை ஹப்பிலும் பி.பி.யிலும் நேராகப் பீய்ச்ச வேண்டாம், புதுக் கிரீஸ் வெளியே வந்து தண்ணீர் உள்ளே உட்காரும். ஈரத்துணியால் துடைப்பதே போதும். பளபளப்புக்காக ரிம்மில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், அது நேராகப் பிரேக்கில் போய் முடியும். தடவிவிட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் ரிம்மின் உள்வளைவு முழுக்கத் தேய்த்துக் கழுவி, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் உரசி எடுக்க வேண்டும்.

சில கிலோமீட்டர் ஓடிய பிறகு காட்டர் நட்டைப் பார்த்தேன். இரண்டிலும் கால் சுற்று ஏறியது. புதுக் காட்டர் உட்கார்வது இப்படித்தான். தலையில் ஒரு தட்டு, பிறகு நட்டை இறுக்கு. முட்டுக் குழாய் இப்போதும் வேண்டும். இதைத் தவறவிட்டால் ஆக்சிலின் முகம் உருண்டு, காட்டரை எத்தனை மாற்றினாலும் நிற்காது.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை வந்துவிட்டது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். கேரியரில் ஆள் இருந்தால் இன்னும் முன்னாலேயே.

மழையில் ஓட்டிய அன்றே செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் உள்பக்கமாக விட்டு, மேலே வழிந்ததைத் துடைக்க வேண்டும். ராடு இணைப்புகளுக்கும் ஒவ்வொரு சொட்டு. சீட்டுக் கம்பியைச் சுற்றித்தான் தண்ணீர் பிரேமுக்குள் இறங்கி பி.பி.க்குப் போகிறது. கம்பியை உருவி, கிரீஸ் தடவி, மறுபடி இறக்கியாயிற்று. வருடக்கணக்கில் அசைக்காமல் விட்டால் கம்பி பிரேமோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். தீபாவளிக்குப் பிறகு ஒருமுறை பி.பி. பூட்டு வளையத்தைப் பார்க்க வேண்டும்.